வருடக் கட்டணத்துக்கும் ஏலம் உண்டு

கருவாட்டுத் தொழிலுக்கு வாடைக் காலம் ஆகாது. ஐப்பசி பிறந்தால் வெயில் ஒரு நாள் இருக்கும், மூன்று நாள் இருக்காது. காயப்போட்ட நெத்திலி மணலிலேயே நமுத்துவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியபோது, தங்கச்சிமடத்தில் எங்கள் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பதினோரு மூட்டைக் கருவாடு வீணாயிற்று. என் கைப்பேசியும் நனைந்து செத்துப்போனது. அந்த வாரத்தில்தான் என் கிரெடிட் கார்டு பில்லில் வருடக் கட்டணமாக 1,999 ரூபாயும், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 359 ரூபாய் 82 காசும் ஏறி உட்கார்ந்தன. எனக்கு அது தெரிய இரண்டு மாதம் ஆனது. தெரிந்த பிறகு அதைத் திரும்பப் பெற நான் பட்ட பாட்டை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த வருடம் ஏறக்குறைய நான்காயிரம் ரூபாயும் பல இரவுகளின் தூக்கமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கார்டு என்னைத் தேடித்தான் வந்தது. 2023 அக்டோபரில் நகைக்கடனைப் புதுப்பிக்க ராமநாதபுரத்தில் எங்கள் வங்கிக் கிளைக்குப் போயிருந்தேன். அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன், "அக்கா, உங்கள் கணக்குக்குக் கார்டு வந்திருக்கிறது, கட்டணமே கிடையாது" என்றான். கையெழுத்துப் போட்டேன். முதல் வருடத்துக்கு மட்டும்தான் கட்டணம் இல்லை என்பதும், அடுத்த வருடத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இரண்டு லட்சம் ரூபாய் செலவு செய்திருந்தால்தான் தள்ளுபடி என்பதும் அவன் கொடுத்த தாளிலேயே இருந்தன. விண்ணப்பத்தோடு கட்டண விவரங்களை ஒரே பக்கத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தப் பக்கத்தை என்னிடம் தந்தார்கள், நான் படிக்கவில்லை. உங்களிடம் கார்டு இருந்தால் இன்றே அந்தப் பக்கத்தைத் தேடி எடுங்கள். வாய்ச்சொல்லுக்கும் அந்தப் பக்கத்துக்கும் வேறுபாடு இருந்தால் நிற்பது அந்தப் பக்கம்தான்.

இனி அந்த இரண்டு மாதம் எப்படிப் போயிற்று என்று சொல்கிறேன். நான் எதற்கெல்லாம் கார்டைத் தேய்த்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன்; அந்தக் கூட்டுத்தொகையை ஒவ்வொரு மாதமும் கட்டிவிடுவேன். டிசம்பர் தொடக்கத்தில் நோட்டுக் கணக்குப்படி 6,140 ரூபாய் கட்டினேன். பில்லில் இருந்த மொத்தத் தொகையோ கட்டணத்தையும் சேர்த்தது. கட்டாயம் கட்ட வேண்டும் என்று பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தாண்டிக் கட்டியதால் தாமத அபராதம் போடவில்லை. ஆனால் மொத்தத்தையும் கட்டவில்லை என்பதால், வட்டியில்லாக் காலம் என்று சொல்வார்களே, அது போய்விட்டது. அரிசி, மருந்து, மகளின் விடுதிக் கட்டணம் என்று வாங்கிய ஒவ்வொன்றுக்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி. மாதம் மூன்றே முக்கால் சதவீதம், வருடத்துக்கு 45. கந்துவட்டிக்காரரிடம் வாங்காதே என்று ஊரில் எல்லோருக்கும் புத்தி சொல்கிறவள் நான். முதல் மாதம் வட்டி 318, அதற்கு வரி 57 ரூபாய் 24 காசு. அடுத்த மாதம் வட்டி 247, வரி 44 ரூபாய் 46 காசு. ஜனவரியில் புதுக் கைப்பேசி வாங்கி, நர்சிங் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்து காட்டிய பிறகுதான் பார்த்தேன். கட்டணமும் வட்டியும் வரிகளுமாக 3,025 ரூபாய் 52 காசு. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. தொகைக்காக மட்டும் இல்லை. மழை தின்ற கருவாட்டுக்கு அழுதுகொண்டிருந்த நேரத்தில் இன்னொரு ஓட்டை வழியாகப் பணம் ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறதே என்ற ஆற்றாமை. ஆகவே, நோட்டுக் கணக்கு உங்களுக்கு. கட்ட வேண்டியது பில்லில் உள்ள மொத்தத் தொகையை. இரண்டும் ஒத்துவராவிட்டால் கட்டுவதற்கு முன்பே ஏன் என்று பார்க்க வேண்டும்.

மறுநாள் கார்டின் பின்புறம் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். எண்களை அழுத்தி அழுத்தித் தமிழுக்கு வந்து, இசை கேட்டுக் காத்திருந்து, நாற்பது நிமிடம். ஒரு பெண் பேசினார். கட்டணத்தை எடுக்க முடியுமா என்று கேட்டேன். "நீங்கள் செலவு இலக்கை எட்டவில்லை மேடம், இது முறையாகப் போட்ட கட்டணம்" என்றார். என் நோட்டுப்படி நான் 2,31,000 ரூபாய் செலவு செய்திருந்தேன். அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை. "சரிங்க" என்று வைத்துவிட்டேன். மொத்தத்தையும் அன்றே கட்டித் தீர்த்தேன். கட்டியது சரிதான், வட்டி நின்றது. கட்டணத்தைத் திருப்பிப் போடச் சொல்வதற்கும் நிலுவையைக் கட்டுவதற்கும் சம்பந்தமில்லை. கட்டிய பிறகும் கேட்கலாம், திரும்பி வந்தால் கார்டுக் கணக்கில் வரவு வைப்பார்கள். கட்டணத்தை எடுக்கும்வரை கட்டமாட்டேன் என்று வீம்பு பிடித்தால் வட்டியும் அபராதமும் நம் தலையில்தான் விழும், கடன் கேட்கும்போது வங்கிகள் பார்க்கும் கடன் மதிப்பெண்ணும் கெடும்.

இரண்டு நாள் கழித்து ஓர் அழைப்பு வந்தது. "மேடம், வருடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், உங்கள் எண்ணுக்கு ஓடிபி வரும், சொல்லுங்கள்." நான் கேட்டதற்குத்தான் பதில் வருகிறது என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. குறுஞ்செய்தியைத் திறந்தேன். அதில் 18,000 ரூபாய்க்கு ஏதோ வாங்குவதற்கான எண் என்று இருந்தது. கை நடுங்க அழைப்பைத் துண்டித்தேன். நான் வங்கிக்கு அழைத்தது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று பல நாள் யோசித்தேன். அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கார்டு வைத்திருக்கிற எல்லோருக்கும் கட்டணம் உண்டு, எல்லோருக்கும் அது வலிக்கிறது, நூறு பேரை அழைத்தால் ஒருவர் சிக்குவார். கட்டணத்தை எடுத்துவிட எந்த வங்கிக்கும் ஓடிபி தேவையில்லை. நாம்தான் அழைக்க வேண்டும், அதுவும் கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணுக்கு மட்டும். இணையத்தில் தேடி எடுத்த எண்ணுக்கு அழைக்கவே வேண்டாம். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள்.

பிறகு நேரில் போனால் நடக்கும் என்று நினைத்து ராமநாதபுரம் போனேன். அப்போது பாம்பன் புதிய ரயில் பாலம் திறக்கப்படவில்லை, 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள், அதனால் பஸ்தான். ஒரு நாள் வேலை கெட்டது. கிளையில் இருந்தவர், கார்டுப் பிரிவு தனி, இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது என்று நல்லவிதமாகவே சொல்லி அனுப்பினார். யாரும் இதற்காகக் கிளைக்கு அலையாதீர்கள்.

திரும்பி வந்து என் நாத்தனாரிடம் சொல்லிப் புலம்பினேன். பாம்பனில் ஏலம் எடுக்கும் கை அவருடையது. விடியற்காலையில் படகு அடைந்ததும் நூறு பேர் நடுவில் நின்று கூடைக்கு விலை கேட்பார். ஏலக்காரர் விலையை ஏற்றும்போது, "கட்டுப்படியாகாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கூடைக்கு நடப்பார். பாதி நாள் அவர் பின்னாலேயே கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "நீ கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினாயா, இல்லை, வேண்டாம் என்று நடந்தாயா?" நான் பதில் சொல்லவில்லை. மதுரை மொத்த வியாபாரியிடம் கிலோவுக்குப் பத்து ரூபாய்க்காக அரை மணி நேரம் நிற்கிறவள், போனில் ஒரு குரல் "முறையான கட்டணம்" என்றதும் குற்றம் செய்தவள் போல ஒடுங்கிப்போனேன். கேட்பது பிச்சை என்று எனக்குள் எங்கோ இருந்தது. அது பிச்சை இல்லை. நாம் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரரிடமிருந்து அவர்களுக்குப் பங்கு போகிறது. புதிதாக ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க மேசை போட்டுப் பையன்களை உட்கார வைக்கிறார்கள். இருக்கிற ஒருத்தி போகிறாள் என்றால் அவர்களுக்கும் நட்டம்.

பிப்ரவரியில் மறுபடி அழைத்தேன். இந்த முறை, "கார்டை மூடிவிடுங்கள்" என்றேன். உடனே வேறு ஒரு பிரிவுக்கு மாற்றினார்கள். போகிறவர்களை நிறுத்திவைக்கவே ஆட்கள் இருக்கிறார்கள், சலுகை தரும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. முதலில் பேசுகிறவரிடம் அது இல்லை, அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. வந்தவர் தேன் போலப் பேசினார். அறுபது நாளில் 40,000 ரூபாய் செலவு செய்தால் கட்டணம் முழுதும் திரும்ப வரும் என்றார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். நான் தோற்றது அங்கேதான்.

எங்கள் வீட்டில் மாதம் கார்டில் போவது ஏழாயிரம், எட்டாயிரம். வேனுக்கு டீசல் போட்டால் கூடும். நாற்பதாயிரம் எப்படி வரும்? தீபாவளிக்கு வாங்கலாம் என்று ஒத்திப்போட்டிருந்த துணி துவைக்கும் இயந்திரத்தை 23,500 ரூபாய்க்கு வாங்கினேன். மளிகை, மருந்து, மகளின் கட்டணம் எல்லாமாக 13,300. டீசல் 9,200. மொத்தம் 46,000. அறுபது நாள் முடிந்தது, கட்டணம் திரும்பவில்லை. அழைத்தால், "அப்படி ஒரு சலுகை உங்கள் கணக்கில் பதிவாகவே இல்லை மேடம்" என்றார் ஒருவர். இன்னொருவர், "பதிவாகியிருக்கிறது, ஆனால் இலக்கு நிறைவேறவில்லை" என்றார். மகள் உட்கார்ந்து மின்னஞ்சலில் புகார் எழுதினாள். மூன்று வாரம் கழித்து விளக்கம் வந்தது. எரிபொருள் செலவு இலக்கில் சேராது. வாடகை சேராது. அப்போதுதான் பழைய வருடத்துக் கணக்கும் விளங்கியது. நான் நினைத்திருந்த 2,31,000 ரூபாயில் வேனுக்குப் போட்ட டீசல் மட்டும் 64,000. காயப்போடும் இடத்துக்கு ஆப் வழியாகக் கட்டிய வாடகை மாதம் 2,000 வீதம் 24,000. இரண்டையும் கழித்தால் 1,43,000தான். அறுபது நாள் கணக்கிலும் டீசலைக் கழித்தால் 36,800. வெறும் 3,200 ரூபாய் குறைவு. கடலோரத்தில் வேன், படகு, லாரி வைத்திருக்கிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்ததே இதுதான். நம் செலவில் பெரும்பங்கு டீசல். அதை நம்பி இலக்கைக் கணக்குப் போடாதீர்கள். என் கார்டில் எரிபொருளும் வாடகையும் விலக்கு. உங்கள் கார்டில் வாலெட்டில் போடும் பணம், தவணையாக மாற்றிய தொகை, காப்பீடு என்று வேறு எவையெவையோ இருக்கலாம். எவை சேராது என்ற பட்டியலைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, செலவுக் கணக்கின் வருடம் ஜனவரியிலோ ஏப்ரலிலோ தொடங்குவதில்லை. கார்டு கொடுத்த தேதியிலிருந்து பன்னிரண்டு மாதம். எனக்கு நவம்பர் முதல் அக்டோபர். இதற்குள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் வந்துபோகிறது; அப்போது கையில் காசும் ஓடாது, கார்டும் ஓடாது.

செலவு செய்தால் திருப்பித் தருகிறோம் என்ற சலுகையைப் பற்றி இப்போது என் முடிவு தெளிவாக இருக்கிறது. 2,358 ரூபாய் திரும்ப வருவதற்காக, அந்த நேரத்தில் தேவையில்லாத 23,500 ரூபாய்ப் பொருளை வாங்க வைத்தார்கள். அந்தத் தொகையைக் கட்டி முடிக்க ஒரு சிறு நகை மறுபடி வங்கிக்குப் போயிற்று; மீட்கும்வரை அதற்கு 870 ரூபாய் வட்டி. எப்படியும் செய்யப்போகும் செலவிலேயே இலக்கு நிறைவேறும் என்றால் மட்டும் ஏற்கலாம். அப்போதும் தொகை, நாள், எவை சேராது ஆகிய மூன்றையும் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுத்தால் அந்தச் சலுகை இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பருக்கு நான் ஆயத்தமாக இருந்தேன். காலண்டரில் அக்டோபர் முதல் வாரத்தில் வட்டம் போட்டு வைத்தேன். முதலில், மூடினாலும் எனக்கு இடைஞ்சல் வராதபடி வழி செய்தேன். கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த கைப்பேசிக் கட்டணத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றினேன். கார்டைத் தேய்த்ததற்குப் பரிசாகச் சேர்ந்திருந்த புள்ளிகளை மளிகைக்குப் பயன்படுத்தித் தீர்த்தேன். தவணை எதுவும் பாக்கி இல்லை என்று பார்த்துக்கொண்டேன். இலவசமாக வருடத்துக்கு ஒரு முறை கிடைக்கும் கடன் அறிக்கையை மகள் எடுத்துத் தந்தாள்; பழைய கார்டை மூடினால் மதிப்பெண் கொஞ்சம் இறங்கலாம், அடுத்த சில மாதங்களில் பெரிய கடன் கேட்கப்போவதாக இருந்தால் யோசிக்க வேண்டும் என்றாள். எனக்கு அப்படி எதுவும் இல்லை. மனத்தளவில் கார்டை விட்டுவிட்டேன். இதைச் செய்யாமல் வெறும் மிரட்டலாக "மூடுங்கள்" என்று சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எதிர்முனையில் இருப்பவர் நாளுக்கு ஐம்பது பேர் குரலைக் கேட்கிறவர்.

அக்டோபரில் அழைத்தபோது, கட்டணம் ஏறிய பிறகுதான் பேச முடியும் என்றார்கள். நவம்பர் 12 அன்று பில் வந்தது, கட்டணம் ஏறியிருந்தது. அன்று பிற்பகலே அழைத்தேன். காலையிலும் மாலையிலும் வரிசை நீளம். மூன்று மணி வாக்கில் எனக்குப் பத்து நிமிடத்தில் ஆள் கிடைத்தார். நோட்டும் பேனாவும் பக்கத்தில். பேசியவரின் பெயர், நேரம், புகார் எண் எல்லாம் எழுதிக்கொண்டேன். மூடச் சொன்னேன், மாற்றினார்கள்.

"ஏன் மேடம் மூடுகிறீர்கள்?"

"இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன் தம்பி. மாதாமாதம் மொத்தத்தையும் கட்டுகிறேன். 1,999 ரூபாய்க்கு இதில் எனக்குக் கிடைக்கிற பயன் அதில் பாதிகூட வரவில்லை. கட்டுப்படியாகாது."

பாதிக் கட்டணத்துக்குச் சமமான புள்ளிகள் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். தொண்ணூறு நாளில் 50,000 செலவு செய்தால் முழுதும் என்றார். "அந்தச் சலுகையில் போன வருடம் நட்டப்பட்டேன் தம்பி, நிபந்தனை இல்லாமல் எடுத்துவிட முடியுமா, முடியாதென்றால் மூடுவதற்குப் பதிவு செய்யுங்கள்" என்றேன். கட்டணமே இல்லாத வேறு வகைக் கார்டுக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். இதுவும் நல்ல வழிதான், பழைய கணக்கின் வரலாறு தொடருமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். யோசிக்கிறேன், முதலில் இந்தக் கட்டணத்துக்குப் பதில் சொல்லுங்கள் என்றேன். பிறகு நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. ஏலத்தில் அந்த மௌனத்தை எனக்குத் தெரியும். அதில் முதலில் வாய் திறக்கிறவர் இறங்குவார். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனாலும் வாயை இறுக்கிக்கொண்டேன். "ஒரு நிமிடம் காத்திருங்கள் மேடம்" என்று போனார். நான்கு நிமிடம். திரும்பி வந்து, "ஒரு முறை சலுகையாக முழுக் கட்டணத்தையும் திருப்புகிறோம், ஏழு வேலை நாளில் வரும்" என்றார். வரியும் சேர்த்தா என்று கேட்டேன். ஆம் என்றார். குறுஞ்செய்தி வந்த பிறகுதான் போனை வைத்தேன்.

ஆறாவது நாள் 1,999 ரூபாய் வரவானது. 359 ரூபாய் 82 காசு வரவில்லை. அதற்கு இன்னொரு முறை அழைத்து, முந்தைய எண்ணைச் சொன்னேன். அடுத்த பில்லில் அதுவும் வந்தது. வரியை நாமாகக் கேட்காவிட்டால் பல பேருக்கு அப்படியே நின்றுவிடுகிறது. நடுவில் பில் தொகையை நான் முழுதாகவே கட்டியிருந்தேன்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். தள்ளுபடி தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை; அது அவர்கள் விருப்பம். ஆனால் மூடுவது நம் உரிமை. 2022இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, நிலுவை எதுவும் இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். தபாலில்தான் எழுதி அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தவும் கூடாது. கட்டணத்தை உயர்த்துவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும். அது பிடிக்காமல் கார்டைத் திருப்பிக் கொடுத்தால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் முறையிடலாம், காசு கிடையாது. விவரம் கேட்க 14448. எனக்கு இதெல்லாம் 2025 தொடக்கத்தில் தெரிந்திருந்தால் அந்த அறுபது நாள் சலுகைப் புகாரை மின்னஞ்சலோடு விட்டிருக்கமாட்டேன்.

என் கதையைக் கேட்டு நாத்தனார் தன் கார்டை எடுத்துவந்தார். இரண்டு வருடமாகக் கட்டணம் போயிருக்கிறது, தேய்த்ததே நான்கு முறை. அவர் பேரம் பேச விரும்பவில்லை, மூடச் சொல்லிவிட்டார். ஏழு வேலை நாள் போயிற்று, பதில் இல்லை. ஒன்பதாவது வேலை நாளில், விண்ணப்பித்த தேதியையும் எண்ணையும் போட்டு, 500 ரூபாய் விதியையும் குறிப்பிட்டு என் மகள் மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாள் காலையில் கணக்கு மூடப்பட்டது, நிலுவை இல்லை என்ற கடிதம் வந்தது. அதை அச்செடுத்துப் படகுப் பத்திரங்கள் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். தாமதமான நாட்களுக்கான பணத்தைக் கேட்டும் எழுதியிருக்கிறோம். அது இன்னும் வரவில்லை. முப்பது நாள் முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.